கை படாமல் இறங்கிய நாலு கார்

பல்லக்காவை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அவள் செய்கிற வேலையை மட்டும் யாரும் பார்த்தது கிடையாது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு அழகு. பல் மருத்துவர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். பல்லக்கா தன் லேப்பில் குனிந்து உட்கார்ந்து, அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் செதுக்கி, ஈறும் பல்லுமாக ஒரு வரிசையைச் செய்து முடிப்பாள். அதை மாட்டிக்கொண்டவர் நாலு பேர் நடுவில் சிரிக்கும்போது, அது அவருடைய சொந்தப் பல் என்றுதான் எல்லாரும் நினைக்க வேண்டும். யாராவது ஒருத்தர் "இது யார் செஞ்சது?" என்று கேட்டுவிட்டால் போச்சு, அந்த வேலை தோல்வி.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிளாஸ்டர் தட்டுகளைக் கழுவத்தான் அந்த லேப்புக்கு வந்தாள். கழுவிய கை ஊற்றப் பழகியது, ஊற்றிய கை செதுக்கப் பழகியது. முதலாளி ஓய்வெடுக்கப் போனபோது லேப்பையே எடுத்து நடத்தும் அளவுக்கு வந்துவிட்டாள். தெருவில் எதிரே வருகிறவர் வாயைத் திறந்தால் போதும், மேல் வரிசை தான் செய்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவாள். அதை வெளியே சொல்லத்தான் முடியாது. அந்தக் குறை அவளுக்கு இருந்தது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, யாராவது ஓடி வந்தால் அவர் கால் தன்னால் தரையை அழுத்தும். தங்கமான மனுஷன். ஆனால் அவசரக் குடுக்கை.

லேப்புக்கு எதிர் வரிசையில் ஒரு சைக்கிள் கடை. அதன் மாடியில் பெரிய கூடம் ஒன்று உண்டு. அங்கே வாரக் கடைசியில் சில பெரிய மனிதர்கள் கூடிப் பொம்மை ரயில் விடுகிறார்கள் என்று அவள் காதில் விழுந்திருந்தது. ஒரு நாள் அவர்களில் ஒருவரான பேக்கரிக்காரர் லேப் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, பழசாப் போன பிளாஸ்டர் இருந்தா குடேன். ஒரு மலை கட்டணும்."

பல் பிளாஸ்டரில் மலை கட்டக் கிளம்பிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். மூட்டையை அவரால் அசைக்கக்கூட முடியவில்லை. பல்லக்காவே தோளில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். அன்றைக்கு ஆரம்பித்து அவர் அவளுக்கு மலையண்ணன் ஆகிவிட்டார்.

மாடியில் இடுப்பு உயர மேசை ஒன்று கூடம் முழுக்கச் சுற்றி ஓடியது. அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், விளக்குக் கம்பங்கள், தீப்பெட்டி அளவு வீடுகள். கரி எஞ்சின் ஒன்று மூடிய சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பல்லக்கா மூட்டையை இறக்கிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, காலிதான்" என்றார் மலையண்ணன்.

"அப்போ எதுக்கு இழுத்துட்டு சுத்துது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மருந்துக் கடைக்காரர், அந்த ரயில் மன்றத்துக்குத் தலைவர். அங்கே எரிகிற சிவப்பு, பச்சை விளக்கெல்லாம் அவர் கை வேலை என்பதால் சிக்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து வந்து விரித்தார். அதில் ஒரு படம். ரயில் பெட்டியின் முனைச் சுவர் இரட்டைக் கதவாகத் திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கறுப்புக் கார், தொப்பி போட்ட ஆட்கள் தாங்கிப் பிடிக்க, சாய்வுமேடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

கார் வந்த புதிதில் அது கடைக்கு ஓடி வரவில்லை, மூடிய ரயில் பெட்டிக்குள் அடைபட்டுத்தான் வந்தது. ஒரு பெட்டிக்கு நாலு கார். இரண்டு தரையில் நிற்கும். மற்ற இரண்டும் இரும்புச் சட்டத்தில் கட்டுண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, கீழே நிற்பவற்றின் தலைக்கு மேல் சாய்ந்திருக்கும். கீழே நிற்கிற காரை வெளியே உருட்டியதும் மேலே இருப்பதைச் சங்கிலியில் இறக்குவார்கள். பெட்டிக்கு ஒரு முனையில்தான் கதவு, மறு முனை வெறும் சுவர். இதையெல்லாம் சிக்னல் சொல்லச் சொல்ல, பல்லக்கா படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இத யாராவது செஞ்சிருக்காங்களா? நெசமா இறங்குற மாதிரி?"

"பெட்டி பக்கத்துல ஒரு காரை ஒட்டி வெப்பாங்க தங்கச்சி. இறங்குற மாதிரி யார் செய்யப் போறா?"

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

பல் செய்கிற அதே பசையில்தான் கார்களையும் வார்த்தாள். ஒவ்வொரு காரும் கட்டை விரலைவிடச் சிறியது. முகப்பு விளக்கை ஊசி முனையால் குடைந்தாள். சக்கரத்துக் கம்பிகளைப் பல்லுக்குப் போடுகிற மெல்லிய கம்பியில் வளைத்தாள். மூன்று காருக்குக் கறுப்பு அடித்தாள். நாலாவதற்கு என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் பல் நிற அட்டையை எடுத்துப் பார்த்து, இளம் மஞ்சள் கலந்த வெள்ளையில் விட்டுவிட்டாள். மன்றத்தில் அதற்குச் சிரிக்கிற கார் என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சாய்வுமேடைக்குள்ளிருந்து தீக்குச்சி அகலத்தில் ஒரு பித்தளை நாக்கு நீள வேண்டும். அதன் நுனிக் கொக்கி காரின் சக்கர அச்சைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அதற்குப் பழைய பல் குடையும் மோட்டாரைச் சாய்வுமேடைக்கு அடியில் பொருத்தினாள். கீழ்க் கார் வெளியேறியதும் மேல் சட்டம் தானாகத் தாழ வேண்டும், ஆனால் தொப்பென்று விழக் கூடாது. கீல்களில் கெட்டி கிரீஸை அடைத்துப் பார்த்தாள். சட்டம், தூக்கத்தில் தலை சாய்கிற மாதிரி மெதுவாக இறங்கியது. அன்று லேப்பில் தனியாக உட்கார்ந்து அவள் கை தட்டிக்கொண்டதை, சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"ஊருக்கே கார் சொல்லிக்குடுக்கறவன் நான். என் பொண்டாட்டி பொம்மைக் காரை இறக்கிட்டு கை தட்டுறா" என்று சிரித்தார்.

"உங்க ஆளுங்க ஓட்டுறதைவிட இது ஒழுங்கா இறங்குது. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். கார் விளிம்புக்கு வந்தபோது அவர் கால் தரையை அழுத்தியது. அதைப் பார்த்ததும் பல்லக்காவுக்குத் தான் ஜெயித்துவிட்டது தெரிந்துபோயிற்று.

மன்றத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம், பார்வை நாள் என்று, மக்களை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு மேசைமேல் யார் கையும் படக் கூடாது. ரயில் நின்றாலும், தடம் புரண்டாலும், விசையாலேயே சரி செய்ய வேண்டும். மேலிருந்து கை நீண்டுவிட்டால், சிக்னல் ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து அந்தப் பகுதியை மூடிவிடுவார். பிறகு அன்றைக்கு அதைத் திறக்க மாட்டார். "அந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு வானத்துலேருந்து கை வரக் கூடாது. நமக்கு வருதா என்ன?" என்பார். அந்தத் துணியைக் கண்டால் மன்றத்தில் எல்லாருக்கும் குலை நடுங்கும்.

பல்லக்கா தன் சாய்வுமேடையை மேசையின் ஒரு மூலையில் வைத்திருந்தாள். அந்த மூலைமேல் மலையண்ணனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். தன் மலையை அதுவரை நீட்டி அருவி விட வேண்டும் என்று ஆசை. மன்றத்தில் இது பெரிய சண்டையானது. மலையண்ணன் தான் கூட்டிவந்த ஆளே தன் அருவிக்குக் குறுக்கே நிற்பதாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சிக்னல் ஒரு முடிவு சொன்னார்.

"பார்வை நாளன்னிக்கு, சனங்க முன்னாடி, கை படாம நாலு காரும் இறங்கினா மூலை தங்கச்சிக்கு. இல்லேன்னா அருவிக்கு. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

பார்வை நாள் காலையில், பெட்டிக் கதவின் கீல் ஒன்று மக்கர் பண்ணியது. பல்லக்கா லேப்பில் உட்கார்ந்து அதைச் சரி செய்து, வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

"நான் மேசைக்கு அடியில மோட்டாரைப் பாக்கணும். நீங்க இதை எஞ்சினுக்கு முன்னால வெச்சிடுங்க. அது தள்ளிட்டு வரும்."

பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். வைத்தும் விட்டார். கூடம் நிறைய ஆட்கள் வந்தார்கள். குடும்பம் குடும்பமாக மேசையைச் சுற்றி நின்றார்கள். மலையண்ணனின் சிவப்பு எக்ஸ்பிரஸ் மலைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. எந்தப் பார்வை நாளிலும் அது நின்றதே இல்லை. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

சிக்னல் ஒலிபெருக்கியில் சொன்னார்: "இப்போ ஒரு பெட்டி வருது. அதுக்குள்ள நாலு கார் இருக்கு. கை வைக்காம இறங்கப் போகுது." கூட்டம் மூலையை நோக்கி நகர்ந்தது. எஞ்சின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு சாய்வுமேடையோடு முடிகிற முட்டுத் தடத்தில் நுழைந்து, மேடையில் மெல்ல மோதி நின்றது.

பல்லக்கா விசையில் விரலை வைத்தாள். வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது. சாய்வுமேடையைப் பார்த்து நின்றது வெறும் சுவர். கதவு எஞ்சின் பக்கம் இருந்தது.

அவள் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேன்ல கதவு பின்னாலதானே இருக்கும்?" என்றார் ஈனசுரத்தில்.

கார்க்காரர் புத்திக்குக் கதவு என்றால் பின்னால்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்ல நேரமும் இல்லை, ஏனென்றால் மனுஷன் அதற்குள் பெட்டியைத் தூக்கித் திருப்பி வைக்கக் கையை நீட்டிவிட்டார்.

"கையை எடுங்க!" என்று பல்லக்கா கத்தினாள்.

கார் பழக வருகிறவர்களைப் பார்த்து அவர் கத்துவாரே, அதே குரல். அவர் கை பெட்டிக்கு ஒரு விரல் மேலே நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. சிக்னல் கறுப்புத் துணியைக் கையில் எடுத்திருந்தார். எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை நாள் பல்லக்கா குனிந்து செய்த வேலை, எல்லாரும் பார்க்கிற ஒரே நாளில், திரும்பி நிற்கிற ஒரு பெட்டியால் பாழாகப் போகிறது. மலையண்ணன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை, ஆனால் அவர் கண்ணுக்கு அந்த மூலையில் அருவி ஓடத் தொடங்கிவிட்டது.

பெட்டியைத் திருப்ப மேசையில் ஒரே இடம்தான் உண்டு. மலைக்குள் தண்டவாளம் ஒரு வளையமாகச் சுற்றி, போன வழியே திரும்பி வருகிறது. உள்ளே போகிற வண்டி முழுசாகத் திரும்பி வெளியே வரும். ஆனால் அது மலையண்ணனின் மலை. பெட்டி போக வேண்டுமென்றால் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும். இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டடுக்குக் கார் நிற்பதற்காகப் பல்லக்காவின் பெட்டி மற்றப் பெட்டிகளைவிட உயரம். உள்ளே இடித்துத் தடம் புரண்டால் மலையின் உச்சியைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அப்போது மலைமேலும் துணி விழும்.

"அண்ணே, உங்க எக்ஸ்பிரஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்துங்க. என் பெட்டி உங்க மலைக்குள்ள போய்ட்டு வரட்டும்."

"நிறுத்தறதா? இதுவரைக்கும் நின்னதே இல்ல. அதோட உன் பெட்டி ஒட்டகம் மாதிரி இருக்கு. உள்ள சிக்கினா என் மலைக்கும் சேர்த்து மூடுவாங்க."

"உங்க குகையில பெட்டி சிக்கும்னு பயமா?"

"யாருக்குப் பயம்? என் குகையில ஒரு வண்டியும் சிக்கினது கிடையாது!" என்று அவர் குரல் ஏறியது.

"அதைத்தான் நானும் சொல்றேன். இத்தனை பேர் முன்னாடி ஒரு தரம் காட்டிடுங்களேன்."

பக்கத்தில் நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். மலையண்ணன் அவளை முறைத்தார், மலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விசையைத் திருப்பினார். சிவப்பு எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனில் வந்து நின்றது.

"நீ வார்த்த வாய்தான் அது. போகும்னா போகும்" என்றார்.

உண்மைதான். அந்தக் குகை வாயை வார்த்துக் கொடுத்தவள் பல்லக்காவே. இன்னும் கொஞ்சம் பெரிதாக வைப்போம் என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். குகை சின்னதாக இருந்தால்தான் மலை பெரிதாகத் தெரியும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இப்போது அவள் மேசை மட்டத்துக்குக் குனிந்து, பெட்டியின் கூரையையும் குகையின் மேல் உதட்டையும் பார்த்தாள். காலமெல்லாம் வாய் திறப்பை அளந்த கண். போகும் என்றது. மயிரிழையில் போகும் என்றது.

எஞ்சின் பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு புறப்பட்டது. பல்லக்கா வேகத்தை ஊர்கிற அளவுக்குக் குறைத்தாள். எஞ்சின் உள்ளே போயிற்று. பெட்டி உள்ளே போயிற்று. மலைக்குள்ளிருந்து கர்ர் என்று ஒரு உரசல் கேட்டது. மலையண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்காரரின் கால் தரையை மிதித்த மிதியில் பலகை கிறீச்சிட்டது. பல்லக்கா மட்டும் விசையைவிட்டுக் கையை எடுக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று அவளுக்குத் தெரியும்.

உரசல் நின்றது. குகை வாயில் எஞ்சினின் விளக்கு தெரிந்தது. பின்னாலேயே கூரையில் வெள்ளைக் கோடாகப் பிளாஸ்டர் தடம் வாங்கிக்கொண்டு பெட்டி வந்தது, இப்போது சரியான பக்கம் திரும்பி.

கூட்டம் ஹோ என்றது. ஆனால் வேலை முடியவில்லை. எஞ்சின் இப்போது பெட்டிக்கு முன்னால் இருந்தது. பெட்டியை நேர்த் தடத்தில் விசையாலேயே கழற்றிவிட்டு, பக்கத் தடத்தில் எஞ்சினை மட்டும் சுற்றிக் கொண்டுவந்து, பின்னாலிருந்து முட்ட வைத்தாள். பெட்டி மெல்ல முட்டுத் தடத்துக்குள் போய் நின்றது. இந்தத் தடவை சாய்வுமேடையைப் பார்த்து நின்றது கதவு. நேராக வந்திருந்தால் பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது ஒருத்தரும் நகரவில்லை.

பல்லக்கா விசையை அழுத்தினாள், கதவு திறந்தது. பித்தளை நாக்கு உள்ளே நீண்டது. முதல் கறுப்புக் கார் வெளிச்சத்துக்கு வந்து, மேடை விளிம்பில் ஒரு கணம் தயங்கி, சாய்வில் இறங்கியது. உள்ளே சட்டம் மெதுவாகத் தாழ்ந்தது. யாரோ "ஐயோ, மேல ஒண்ணு இருக்கு பாரு!" என்றார்கள். இரண்டாவது இறங்கியது. மூன்றாவது இறங்கியது. கடைசிச் சட்டம் தாழ வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து சிரிக்கிற கார் வந்தது, முகப்பு விளக்கு இரண்டும் பளபளக்க. அது சாய்வில் இறங்கி மற்ற மூன்றின் பக்கத்தில் நின்றபோது, கூடம் இடிந்து விழுகிற மாதிரி கை தட்டினார்கள்.

சிக்னல் கறுப்புத் துணியை மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மலையண்ணன் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூலை உன்னோடதுதான். ஆனா ஒண்ணு, என் குகைதான் திருப்பிக் குடுத்தது. அதையும் சொல்லணும்."

"கண்டிப்பா சொல்றேன் அண்ணே. குகை இல்லேன்னா கதை இல்ல."

"நான் மாத்தி வெச்சதாலதான் இவ்வளவு கூட்டம்" என்று வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். பல்லக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் முகமெல்லாம் பூரிப்பு. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று உலுக்கிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வயதான ஒருவர் மேசைக்கு அருகே வந்தார். நாலு காரையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது வாய் கொள்ளாத சிரிப்பு. பல்லக்காவின் கண் பழக்க தோஷத்தில் அவர் மேல் வரிசைக்குப் போயிற்று. அவள் செய்ததேதான். கோரைப் பல்லை இயற்கையாகத் தெரியட்டும் என்று ஒரு இழை சாய்த்து வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது. அதைக் கட்டியவள் எதிரே நிற்பது அவருக்குத் தெரியாது.

"அற்புதம்மா! இது யார் செஞ்சது?" என்று கூடம் கேட்கக் கேட்டார்.

வாழ்க்கை முழுக்க அவள் காதில் விழக் கூடாது என்று பயந்த கேள்வி. வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள். அது போதாது என்று தோன்றியது. இன்னும் உரக்க, கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, மறுபடி சொன்னாள். "நான்தான் செஞ்சேன்."